முழங்கால் தண்ணீர் விரால்

மார்கழி 20

கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது, தூண்டிலுக்கு ஆகாது. தண்ணீர் காட்டாமணக்குப் புதருக்குள் எல்லாம் ஏறிவிட்டதால் விரால் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும்.

மடைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் செக்கச் செவேலென்று தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் பெரிய மீன் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எதை இழுத்தாலும் அடிக்கும். பசியால் அல்ல, ஆத்திரத்தால். இப்படிப் பிடித்து வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காவல் போய்விட்டால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் விட்டு வைக்காது. அதை மீன்பிடி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

தை 4

பொங்கலுக்கு வந்த மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய பொய்மீன் கொண்டு வந்திருக்கிறார். அங்கே நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடத்தில்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரைதான். புழு, தவளை கூடாது. அவர் பிடிப்பது பீகாக் பாஸ். பெயரில்தான் பாஸ், குடும்பத்தால் அது நம் ஜிலேபிக் கெண்டைக்குப் பங்காளி. அசல் அமெரிக்க பாஸ் நம் கண்மாய்ப் பக்கம் கிடையாது. ஆனால் மறைவில் பதுங்கி, எதிரே போகிறதைப் பாய்ந்து அடிக்கிற அதே வேலையை இங்கே விரால் பார்க்கிறது.

பெட்டியில் இருந்தவை கிராங்க்பெய்ட் ரகம். கட்டைவிரல் பருமனுக்குக் குண்டு உடம்பு, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள், முகத்தில் ஒரு தகடு. சும்மா விட்டால் மிதக்கும். ரீலைச் சுற்றினால் தண்ணீர் தகட்டை அழுத்த, தலை கவிழ்ந்து ஆட்டம் போட்டுக்கொண்டே கீழே போகும். எவ்வளவு ஆழம் என்பதைத் தகடுதான் முக்கியமாகத் தீர்மானிக்கிறது. நீளமாக முன்னால் நீட்டியிருந்தால் பத்தடி, பதினைந்தடி இறங்கும். குட்டையாக, செங்குத்தாகக் கீழே பார்த்திருந்தால் இரண்டு மூன்று அடியோடு சரி, ஆட்டம் அதிகம்.

பின்லாந்தில் லௌரி ராபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, பழைய ஃபிலிம் நெகட்டிவை உருக்கிப் பூசித்தான் தன் முதல் பொய்மீனைச் செய்தார். கூட்டத்தில் தடுமாறி நீந்துகிற மீனைத்தான் பெரிய மீன் அடிக்கிறது என்பது அவர் ஏரியில் கண்டுகொண்டது. 1962 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. மர்லின் மன்றோ இறந்த சமயத்தில், அவர் படத்தை அட்டையில் போட்டு வந்த இதழ். விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்! குண்டு உடம்பு ரகத்துக்குப் பேர் வாங்கித் தந்தது டென்னஸியில் ஃபிரெட் யங் பால்சா மரத்தில் கையால் செதுக்கிய ‘பிக் ஓ’.

தை 9

மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் முதலில் கேட்டுக்கொண்டோம். "கட்லா, ரோகு மாட்டுனா விட்டுறணும். விரால் ஒண்ணு எடுத்துக்கங்க, மிச்சம் எனக்கு" என்றார். நியாயம்தான். உயிரோடு சந்தைக்குப் போகிற மீன். விலையும் அதற்குத்தான் கூடுதல்.

வயலுக்குத் திறந்துவிட்டதில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. உள்வாயில் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல் அடிக்கட்டைகள் தலை காட்டுகின்றன. நீளத் தகடு போட்டதை மச்சான் முதலில் வீசினார். நாலு சுற்றில் கரம்பையை உழுதுகொண்டு நின்றுவிட்டது. பிறகு குட்டையான சதுரத் தகடு. அது கட்டையில் இடித்ததும் தகடு முன்னால் மோதுவதால் பின்னால் இருக்கும் முள் பெரும்பாலும் சிக்காமல் பக்கவாட்டில் துள்ளி விலகுகிறது. அந்த நொடியில் சுற்றுவதை நிறுத்தினால் குடம் கவிழ்ந்து மேலே வருவதைப் போலச் சாவகாசமாக மிதந்தேறுகிறது. அடி விழுந்தது அப்போதுதான். நரம்பு பக்கவாட்டில் இழுபட்டதையும், தண்ணீருக்குள் ஒரு கருத்த முதுகு புரண்டதையும் சேர்த்தே பார்த்தேன். ராடு வளைந்ததும் அது நேராகக் கட்டைக்குள் ஓடப் பார்த்தது. தளர்த்தியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

கரையில் மூங்கில் கம்பும் தவளையுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, பிளாஸ்டிக்கயா திங்கிது?"

"திங்கல ஐயா, அடிக்கிது."

"தவளையயும் அடிக்கத்தான் செய்யிது. அப்பறம்தான் திங்கிது."

அதற்கு நான் என்ன சொல்ல. அவர் தவளையைத் துள்ள விட்டு நிறுத்துவதும், மச்சான் கட்டையில் இடித்து நிறுத்துவதும் ஒரே கணக்குதான். வித்தியாசம், அவருக்குப் புதர் இடுக்கில் போட முடியும். எங்களுக்கு அல்லிக்கொடி வந்தாலே மும்முனை முள்ளில் குப்பை. மாலையே மும்முனையைக் கழற்றி ஒற்றை முள் மாட்டிவிட்டோம்.

தை 22

மச்சான் ஊருக்குப் போய்விட்டார், பெட்டியை வைத்துவிட்டு. கண்மாயில் ராடு பிடிப்பது ஒன்றும் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1887-இல் கண்மாய் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஆற்று மீனுக்கு அதற்கு முன்பே, 1873-இல். அந்தக் காலத்திலேயே குளத்தை ஒருவர் மதித்திருக்கிறார்.

மாசி 8

தண்ணீர் கணுக்காலுக்கு வந்து கலங்கலாகிவிட்டது. பொய்மீன் ஓரடி தள்ளிப் போனால் எனக்கே தெரியவில்லை, விராலுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அது இருக்கிற இடம் இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். வராமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ‘களக்’கென்று சத்தம், ஒரு வட்டம், கொஞ்சம் பொறுத்துப் பக்கத்தில் இன்னொன்று. கூடவே பெரியவரின் தவளையும் அங்கே போய் விழுகிறது. அவருக்கு இது நல்ல காலம்.

வெயில் ஏறி ஏலக்காரர் தன் மீனை எடுத்து முடித்ததும் கண்மாயை அழிப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா, அரிவலையோடு சுற்றுப்பட்டு ஊர் மொத்தமும் இறங்கும். சகதியில் புதைந்து கிடக்கிற விராலும் தப்பாது. அன்றைக்கு ராடை வைத்துக்கொண்டு நின்றால் சிரிப்பார்கள்.

ஆக இந்தப் பெட்டிக்கு இங்கே வேலை, பொங்கல் கழிந்து தண்ணீர் தெளிந்து வற்றும் சில வாரங்கள்தான். மச்சானுக்கு எழுதிப் போட்டேன்: "அடுத்த தைக்கு நீளத் தகடு ஒன்றுகூட வேண்டாம். சதுரத் தகடு, ஒற்றை முள், பச்சையோ கறுப்போ. பெரியவர் தனக்கும் ஒண்ணு கேட்கிறார். ஆனா முள் மட்டும் போதுமாம்."