கூழும் அயோடினும்

கேழ்வரகுக் கூழ் இரண்டு இரவு புளிக்கும் உணவு. சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கோடையில் நிற்கும் கூழ் வண்டிக்கு, முந்தாநாள் இரவே வீட்டில் வேலை தொடங்கிவிடுகிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைக்கிறார்கள். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, புளித்த கரைசலை அதில் ஊற்றித் துடுப்பால் விடாமல் கிளறுகிறார்கள். தோள் கடுக்கும் வேலை இது, பெரும்பாலும் பெண்களுடையது. ஆறிய களி இன்னோர் இரவு பானையில் கிடக்கும். காலையில் உப்பும் மோரும் விட்டுக் கையால் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கருவாடு.

களி வெந்ததா என்று பார்க்கக் கையை நனைத்துத் தொடுவார்கள், ஒட்டாவிட்டால் இறக்கலாம். மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் குழைந்துவிட்டன என்பதை இந்தச் சோதனை நம்பகமாகச் சொல்லிவிடும். ஆனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியதா என்பது வேறு கேள்வி. புளிப்பை வைத்தும் அதை அறிய முடியாது. கூழைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மாவுச்சத்தை உடைப்பதில்லை. தானியத்தில் ஏற்கெனவே இருக்கும் சிறிதளவு சர்க்கரையை உண்டுதான் அமிலத்தை உண்டாக்குகின்றன. நாக்கு கூசும் அளவு புளித்த கூழிலும் மாவுச்சத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

மாவுச்சத்தை உடைப்பது அமைலேஸ் என்னும் நொதி. முளைவிட்ட பார்லியிலிருந்து அதை 1833இல் பிரித்தெடுத்தவர்கள் பிரான்சின் பாயென், பெர்சோ. நம் சிறுதானியங்களில் முளைகட்டும்போது இந்த நொதி நன்றாகப் பெருகுவது கேழ்வரகில். இரவு ஊறிய தானியத்தை வடித்து, ஈரத்துணியில் இரண்டு மூன்று நாள் கட்டி வைத்து, வெயிலில் காயவைத்து, முளைவேரைத் தேய்த்து உதிர்த்து அரைத்தால் முளைமாவு கிடைக்கும். இங்கே ஒரு கவனம் தேவை. மணத்துக்காக நன்றாகச் சிவக்க வறுத்தால் நொதி அழிந்துவிடும். முளைமாவைக் கொதிக்கும் களியில் கொட்டினாலும் அதே கதிதான். களியை இறக்கி, ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸுக்கு ஆறியபின் சிறிதளவு கலந்து மூடிவைக்க வேண்டும். கெட்டிக் களி சில நிமிடங்களிலேயே இளகத் தொடங்கும். கரண்டியிலிருந்து ஒழுகும் அந்த இளக்கமே முதல் அறிகுறி.

உறுதிசெய்ய அயோடின் வேண்டும். காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் வெளுக்கக் கரைத்தால் போதும். கேழ்வரகு தானே கருஞ்சிவப்பு என்பதால் கூழில் நேராகச் சொட்டினால் நிறம் பிடிபடாது. ஒரு கரண்டிக் கூழில் தண்ணீர் விட்டுத் தெளியவைத்து, மேல்நீரை வெள்ளைப் பீங்கான் தட்டில் எடுக்க வேண்டும். அது முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் நீலம் தோன்றாமல் போய், வேலை முடிந்ததென்று ஏமாற்றும். உமித்துணுக்கும் கூடாது; அதில் ஒட்டிய மாவு கறுத்துக் காட்டும். பக்கத்திலேயே சாதாரணக் கஞ்சித் தெளிவில் ஒரு சொட்டு விட்டு ஒப்பிடுவது நல்லது.

கருநீலம் என்றால் மாவுச்சத்து இன்னும் உடையவில்லை. அதன் நீண்ட சங்கிலி திருகாகச் சுருண்டு அயோடினை உள்ளே பிடித்துக்கொள்வதால் வரும் நிறம் அது. சங்கிலி துண்டாகத் துண்டாக நிறம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் மஞ்சளே மிஞ்சும். பீர் ஆலைகளிலும் இதே சோதனைதான். சோதித்த சொட்டைக் கொட்டிவிட வேண்டும். பானைக்குள் திரும்பக் கூடாது.

கூழ் முழுக்க மஞ்சள் காட்ட வேண்டிய அவசியமில்லை. அப்படியானால் அது கெட்டித்தன்மை இழந்த இனிப்புநீர். குழந்தைக்கான கஞ்சியில்தான் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். கெட்டிக் கஞ்சி இளகுவதால், குழந்தை விழுங்கக்கூடிய அதே அளவுக்குள் கூடுதல் தானியம் அடங்கும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் பரோடா பல்கலைக்கழகமும் 1980களில் முளைமாவை ஆராய்ந்தது இதற்காகவே. பெரியவர்களுக்கான கூழில் முளைமாவு சேர்த்தால் பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை கூடுதலாகக் கிடைத்துப் புளிப்பு விரைவில் ஏறும்; இரண்டாம் இரவின் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.