காலும் ரகரமும்

எங்கள் தமிழ்த்துறையின் மேசைக்கணினி 2004இல் வாங்கியது. பென்டியம் 4 செயலி, 512 எம்.பி. நினைவகம், 40 ஜி.பி. வன்தட்டு, விண்டோஸ் எக்ஸ்பி. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்துபோனது. அதன் பிறகும் அது வினாத்தாள் அடிக்கவும் வருகைப்பட்டியல் போடவும் பயன்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கும் ஆதரவு நின்றபோது, கல்லூரியெங்கும் ஒரே நாளில் கணினிகள் முதுமை எய்தின. அடுத்ததான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத இயந்திரங்களை ஏற்பதில்லை. ஏலத்துக்குரிய கழிவுப் பொருள்களின் பட்டியல் தயாரானது. எங்கள் கிழட்டுப் பெட்டி அதில் முதல் வரிசையில் இருந்தது.

அதைக் கொடுத்துவிடுவதில் எங்களுக்கு மனத்தடை ஏதுமில்லை. பெட்டிக்குள் இருந்ததுதான் தடை. 2004 முதல் ஐந்தாறு ஆண்டுகள் எங்கள் மாணவர்கள் கொங்குச் சிற்றூர்களில் திரிந்து சேகரித்த வட்டார வழக்குச் சொற்கள், நாலாயிரத்துச் சொச்சம், அதில் இருந்தன. உழவுச் சொற்கள், தறிச் சொற்கள், மாட்டின் சுழிகளுக்கும் கொம்புகளுக்கும் உள்ள பெயர்கள். கவலை இறைத்தலில் சால், தும்பி, வடம், வால்கயிறு என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பதிவு; பதிவின் கீழே அச்சொல்லைச் சொன்னவர் பேசிய ஒரு வாக்கியம். எழுதிய சீட்டுகள் ஒரு மழைக்காலத்தில் ஒழுகிய கூரையின்கீழ்க் கரைந்துபோயின. சொன்னவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. சொற்களை நூலில் தேடிக்கொள்ளலாம். அந்த வாக்கியங்களை எந்த நூலில் தேடுவது?

ஆகவே துறையில் மூவர் கூடி, பெட்டிக்கு ஒரு புதிய இயங்குதளத்தை நிறுவி ஓடவைப்பது, அதிலேயே அகராதி வேலையை முடிப்பது என்று தீர்மானித்தோம். ஓடுகிற கணினியை ஏலத்தில் விட விதியில்லை என்பதும் உள்ளூர ஒரு கணக்கு. ஆய்வக உதவியாளர் சிரித்தார். “இதோட மல்லுக்கட்டுற நேரத்துக்கு ஒரு பழைய லேப்டாப்பே வாங்கிடலாங்க ஐயா” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் துறைக்குப் பணம் ஒதுக்கக் கோப்பு நகரும் வேகம் அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்கள் செயலி 32 பிட் வகை. லினக்ஸ் உலகமும் அவ்வகையைக் கைவிட்டுக்கொண்டே வருகிறது. உபுண்டு 2017இல் விட்டது. டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த தன் 13ஆம் பதிப்பில் அவ்வகைக்கான நிறுவியைத் தரவில்லை. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் அது இருக்கிறது. அதனோடு எல்.எக்ஸ்.டி.இ. என்னும் எளிய முகப்பையும் எடுத்துக்கொண்டோம். பழைய வன்தட்டைக் கழற்றி, முழுமையாகப் படியெடுத்து, உறையிட்டுப் பூட்டி வைத்தாயிற்று. புதியதற்கு, செத்த இன்னொரு கணினியின் வன்தட்டு. நினைவகமும் டிவிடி இயக்கியும் அதே பிணத்திலிருந்துதான். நினைவகம் ஒரு ஜி.பி. ஆயிற்று. பென் டிரைவிலிருந்து தொடங்கும் வித்தை இந்தப் பெட்டிக்குத் தெரியாது.

பாதி வழியில் நிறுவி நின்றது. இணையத்திலிருந்து இறக்கவேண்டிய பொதிகளை இன்னும் செல்லுபடியாகாதவை என்று மறுத்தது. தாய்ப்பலகையில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்து, கணினியின் நாட்காட்டி அது பிறந்த காலத்துக்கே திரும்பிப் போயிருந்தது; அதன் கணக்கில் நாங்கள் கேட்ட மென்பொருள்கள் எதிர்காலத்தைச் சேர்ந்தவை. கடைத்தெருவில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டதும் தகராறு தீர்ந்தது. அன்று மாலைக்குள் இயங்குதளம் ஏறிவிட்டது. இணைய உலாவி மட்டும் மூச்சு வாங்கும், மற்றபடி குறையில்லை.

வேலை உண்மையில் அதன்பிறகுதான் தொடங்கியது. சொற்கோப்பைத் திறந்தோம். ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் எறும்புச்சாரிபோல் ஊர்ந்தன.

இளைய வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்கவேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் என்பது ஒரு வேடம். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பவையோ ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தாம். வேடத்தைத் தருவது எழுத்துருக் கோப்பு. அது இல்லாத இடத்தில் ஒப்பனை கலைந்துவிடுகிறது. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். இதற்கிடையில் ஊர்தோறும் அச்சகங்களும் கல்லூரிகளும் கையில் கிடைத்த எழுத்துருவில் அடித்துக் குவித்தவை எத்தனை ஆயிரம் பக்கங்களோ! எங்கள் எழுத்துரு பாமினியின் தூரத்து உறவு. விற்றவர் கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பழைய வட்டின் படியிலிருந்து எழுத்துருவை எடுத்துப் புதிய தளத்தில் இட்டதும் தமிழ் தெரிந்தது. தெரிந்தால் போதுமா? தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. ஒருங்குறிக்கு மாற்றியே ஆகவேண்டும். இணையத்தில் கிடைத்த மாற்றிகளுக்கு எங்கள் எழுத்துரு முழுதாக அடங்கவில்லை. இயற்பியல் மாணவர் ஒருவர் பைத்தானில் நிரல் எழுதித் தர முன்வந்தார். “எந்தக் குறிக்கு எந்த எழுத்துன்னு மட்டும் நீங்க சொல்லுங்க ஐயா” என்றார். அந்த ‘மட்டும்’ எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று.

பழைய முறையில் கொம்பு முதலில் அடிக்கப்படும், உயிர்மெய் பின்னால் வரும். ஒருங்குறியில் வரிசை தலைகீழ். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. கௌரவம் என்பதைத் தனியே சொல்லிக்கொடுக்காவிட்டால் நிரல் கெ, ள என்று பிரித்துவிடுகிறது. யாவற்றினும் பெரிய தொல்லை கால். தட்டச்சுப்பொறி மரபில் ரகர மெய்யை எழுதக் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைப்பார்கள். ‘அவர்கள்’ என்பதில் இருப்பது ரகரமன்று, புள்ளியிட்ட கால். ரி, ரீ ஆகியவையும் அவ்வாறே. அந்தப் பழக்கத்தில் தட்டச்சர் தனி ரகரத்துக்கும் சில இடங்களில் காலையே தட்டியிருந்தார். அச்சில் பெரிதாக வேறுபாடு தெரியாது. நிரலுக்கு அது நெடில்.

ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதன்று. ஓலையில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒரே வடிவம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தது 1880இல், பதிப்பித்தது 1887இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்தவற்றுள் ஒன்று இதுதான்: கோட்டைப் பார்த்து, பொருளைப் பார்த்து, இது காலா ரகரமா என்று முடிவு செய்வது. முதுகலை வகுப்பில் சுவடிப் பதிப்பு பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஆனால் இருபதே ஆண்டு வயதுள்ள ஒரு கோப்புக்கு அந்தப் பாடம் தேவைப்படும் என்று எங்களில் எவரும் எதிர்பார்க்கவில்லை. கணினியர்கள் இதைத் தரவு மாற்றம் என்கிறார்கள். எங்களைக் கேட்டால் இது பதிப்பு வேலை; பாடபேதக் குறிப்போடு செய்யவேண்டிய வேலை. நிரல் செய்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட முடியாது.

நாலாயிரத்தில் நிரலுக்கு அடங்காமல் நின்றவை நூற்றைம்பது அளவில் இருக்கும். பெரும்பாலானவை சூழலால் தெளிந்தன. ‘மரடு’ என்று ஒரு சொல் கொங்கில் இல்லை, ஆகவே அது மாடு. இப்படிப் பல.

ஒன்று மட்டும் தீரவில்லை. நிலவகைச் சொற்களில் ஒரு பதிவு, மாற்றியபின் ‘காட்டுமண்’ என்று வந்திருக்கிறது. கொங்கில் காடு என்பது மானாவாரி நிலம்; பொருத்தம்தான். ஆனால் கால் ரகரமாக இருந்தால் அது ‘கரட்டுமண்’. கரடு என்பது கல்லும் முள்ளுமான சிறுகுன்று. கீழே உள்ள வாக்கியம் இது: ‘அந்த மண்ணுல சோளம் போட்டா வெதச்ச கூலிகூட வராதுங்க.’ இரண்டுக்கும் பொருந்துகிறது. சொன்ன ஆத்தா இறந்துவிட்டார். அவர் மகள் அதே ஊரில் அதே நிலத்தில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தோம். இப்போதைக்கு இரண்டு வடிவங்களையும் எழுதி இடையே ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறோம். பருவத்தேர்வு முடிந்ததும் போய்க் கேட்கவேண்டும்.