பாவத்தை எடுக்கப் போனோம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை அப்படியே மூடிப் பைக்குள் திணித்துக்கொண்டு எழும்பூருக்கு ஓடி, நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தாச்சு. அவ்வப்போது வாரக்கடைசியில் தாமிரபரணியில் கிடக்கும் துணிகளை அள்ளப் போகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். கூட்டம்னதும் பெரிசா நினைச்சுக்காதீங்க. இந்தத் தடவை பதினோரு பேர். காலேஜ் பசங்க நாலு பேர், ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், அம்பாசமுத்திரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மிச்சமெல்லாம் என்னை மாதிரி பொட்டி தட்டுகிற ஆட்கள்.

சனிக்கிழமை பாபநாசம் படித்துறை. ஞாயிறு மலைக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம். வனத்துறையிடம் அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

அது என்ன துணி? பாபநாசம்னு பேரே சொல்லுது இல்லையா. முங்கிக் குளித்தால் பாவம் போகும், தோஷம் கழியும். குளித்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும். துணியும் பாவமும் கடலுக்குப் போய்விடும் என்று கணக்கு. கடல் இருப்பது எங்கேயோ தள்ளி, புன்னைக்காயலில். துணி நூறு அடி கூடத் தாண்டுவதில்லை. முதல் பாறையிலேயே சுற்றிக்கொள்ளும். அதன்மேல் மணல் ஏறும், அதன்மேல் அடுத்த வேட்டி. 2018 அக்டோபரில் புஷ்கரம் நடந்தபோது இங்கே கூடிய கூட்டம் ஞாபகம் இருக்கும். அன்றைய துணி இன்னும் அடியில் கிடக்கிறது என்று அண்ணாச்சி அடித்துச் சொல்கிறார்.

எடுப்பது லேசில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று கொக்கிக் கம்பால் துழாவ வேண்டும். ஒரு சேலை முந்தி தெரியும், இழுத்தால் கூடவே இன்னும் மூணு வரும். யாரோ எழுதிட்டுப் போன பழைய கோடைத் தொட்ட மாதிரிதான், ஒண்ணை எடுத்தா ஒம்பது ஆடும் :-) மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது.

ராத்திரி அம்மா போன். "கண்டவங்க பாவத்தத் தொட்டுட்டு வந்து வீட்டுக்குள்ள நுழையாத. வீட்ல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்." இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அம்மா நிஜமாகவே பயப்படுகிறாள். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததற்கும் நான் ஆற்றில் இறங்கியதற்கும் அவளுக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை எந்தக் கொக்கி போட்டு எடுக்க? அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்படிப் பாத்தா இந்த ஜில்லா பாவம் பூரா என் தலையிலதான் இருக்கணும். இருக்கது கடன் மட்டும்தான்" என்றார்.

மறுநாள் காலை செக்போஸ்டில் எங்கள் வேனைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பை, தண்ணி பாட்டில் எதுவும் மேலே போகக் கூடாது. சரியான காரியம்தான். 1988ல் களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்து அறிவித்த புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. ஆனால் பாட்டிலைப் பிடுங்கிவிட்டு எங்களுக்கு முன்னால் போன வண்டியின் பாலியஸ்டர் சேலைகளை விட்டுவிட்டார்கள். பாட்டிலும் பாலியஸ்டரும் ஒரே சரக்கு, இரண்டுமே பெட். ஒன்றை ஊதி பாட்டில் ஆக்குகிறான், இன்னொன்றை இழையாக இழுக்கிறான், அவ்வளவுதான். இந்தச் சடங்கு உண்டான காலத்தில் கட்டினது பருத்தி. அது கொஞ்ச நாளில் மக்கி மண்ணாகியிருக்கும். சடங்கு மாறவில்லை, துணிதான் மாறிவிட்டது.

கோயில் பக்கத்து ஆறு கண்ணாடி. கல் தெரியும், மீன் தெரியும், கல்லிடுக்கில் யாரோ விட்ட சிவப்பு ஜாக்கெட்டும் தெரியும். நாங்கள் இறங்கி நிற்கையில் ஒரு ஆச்சி குளித்துவிட்டு, மாற்றுச்சேலை கட்டிக்கொண்டு, ஈரச்சேலையோடு தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றார். வாத்தியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆச்சி, கரையில சாக்கு வச்சிருக்கோம். அதுல போட்டுருங்களேன்."

"எங்க வீட்டு ஐயா போயி நாப்பது நாள் ஆகுது. இத ஆத்துல விடணும்னுதான் தென்காசில இருந்து வந்திருக்கேன். சாக்குல போடவா வந்தேன்?"

வாத்தியாரிடம் பதில் இல்லை. பருத்தி, பாலியஸ்டர் லெக்சரை நானும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அண்ணாச்சிதான் முன்னால் வந்தார். "நீங்க விடுங்க ஆச்சி. விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போங்க. அதுக்கப்புறம் அது ஆத்துப் பாடு."

ஆச்சி அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சேலையை விட்டார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு படியேறினார். திரும்பவே இல்லை. பத்தடி கீழே நின்றிருந்த என் கையில் சேலை வந்து சுற்றிக்கொண்டது. பாறைக்குள் போய்ச் சிக்கியிருந்தால் எடுக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதன்பிறகு நாள் முழுக்க அதே ஏற்பாடுதான். யாரிடமும் வாதாடவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே ஆள் நிறுத்தி, வந்தது வரப் பிடித்தோம். சனிக்கிழமை எடுத்ததில் பாதி நேரத்தில் பதினாறு சாக்கு.

வெயில் சாய்வதற்குள் காட்டை விட்டு இறங்கியாக வேண்டும். கீழே பாபநாசத்தில் லோடு ஆட்டோ தயாராக நின்றது. டிரைவர் சாக்குகளைப் பார்த்தார், அதில் இருந்து வழியும் தண்ணீரைப் பார்த்தார்.

"வண்டி வரும் அண்ணாச்சி. ஆனா ஏத்துறதும் இறக்குறதும் நீங்கதான். நான் கை வைக்க மாட்டேன்."

பதினோரு பேரும் சேர்ந்து ஏற்றினோம்.