பாடத்தை நிறுத்திய நாள்

பாடம் நடத்துவது எப்படி என்பதை ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்பித்தார்கள். எப்போது நிறுத்துவது என்பதை எவரும் கற்பிக்கவில்லை. அதனை அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டுத் திண்ணையில், பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்தே நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

கொரோனாக் காலத்தில் மூடப்பட்ட பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1இல் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்குச் சில நாட்கள் கழித்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் அண்டை வீட்டுக்காரர் தம் மகனை அழைத்து வந்தார். "எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வரவில்லை, சார். நீங்கள்தான் இவனை ஆளாக்கிவிட வேண்டும்" என்றார். பள்ளிக்கூடம் இத்தனை மாதம் அடைத்துக் கிடந்ததால் பையன் மறந்துவிட்டான். ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றே நானும் எண்ணினேன். அஸர் தொழுகை முடிந்ததும் தொடங்குவோம். மஃரிபு பாங்கு ஒலிக்கும்போது முடிப்போம்.

ஆறு மாதம் ஓராண்டாயிற்று. நம் எழுத்து முறையில் 'கெ' என்பதன் கொம்பு முன்னே நிற்கும்; ஒலியோ பின்னே வரும். 'கொ' என்றால் குறிகள் இரு புறமும் நின்று எழுத்தை அணைத்துக் கொள்ளும். மற்றப் பிள்ளைகள் சில வாரங்களில் தாண்டிவிடும் இந்த இடத்தில் அவன் நாள்தோறும் இடறினான். நேற்றுத் திருத்திய எழுத்து இன்று புதிய எழுத்தாகவே அவன்முன் நின்றது. நான் என்ன செய்தேன்? நேரத்தைக் கூட்டினேன், ஞாயிறு விடுமுறையையும் எடுத்துக்கொண்டேன். மருந்து கேட்காதபோது அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் அரைகுறை வைத்தியனுக்கும் எனக்கும் அன்று வேறுபாடு இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவன் தடங்கலின்றிப் படித்தான். அவன் அத்தாவுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அடுத்த வாரம் நான் தவறுதலாக வேறொரு பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். அவன் அந்தப் பக்கத்தின்மேல் விரலை ஓட்டியபடி, முந்திய பாடத்தைப் பிழையின்றிச் சொல்லிக்கொண்டு போனான். வீட்டில் அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, வரி வரியாய் மனப்பாடம் செய்திருக்கிறான். நான் புரிந்துகொண்டதை அவனும் புரிந்துகொண்டான். "அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள், சார்" என்றான். வேறொன்றும் அவன் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதினைந்து மாதங்களில் நான் அவனுக்குக் கற்பித்தது வாசிப்பையன்று. தெரியாததை மறைக்கும் வித்தையை. அதற்காக மாதந்தோறும் நான் பெற்ற பணம், அவன் அத்தா இரவிலும் பட்டறையில் கண் விழித்து ஈட்டியதல்லவா? மதரஸாவில் எந்தச் சூராவையும் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்பவன் இவனே என்று ஹஸ்ரத் பலமுறை கூறியதும் நினைவுக்கு வந்தது.

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். ஏழு வயது முதல் பள்ளி ஆசிரியர்களும் வீட்டு ஆசிரியர்களும் பாடுபட்டும், ஓரசைச் சொற்களையே அவன் திணறித்தான் எழுத்துக் கூட்டினான். எல்லாவற்றையும் வாய்மொழியாகக் கற்பித்தால் பள்ளியிலேயே சிறந்தவனாக இவன் விளங்குவான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து. இச்செய்தியை நான் முன்பே படித்திருந்தேன். என் எதிரே அமர்ந்திருந்தவனோடு அதனை இணைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

தனிப் பயிற்சி வீண் என்று நான் கூற வரவில்லை. அது பல பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை நாம் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பின் பாராத ஒரு பத்தியைப் பிள்ளை முன்னைவிட நன்றாகப் படிக்கிறதா? அதன் அச்சம் குறைகிறதா, வளர்கிறதா? பயன் காணாதபோது நாம் முறையை மாற்றினோமா, நேரத்தை மட்டும் கூட்டினோமா? மூன்றுக்கும் விடை பாதகமாயின், நிறுத்துவதே நேர்மை.

மறுநாள் அவன் அத்தாவிடம் பேசினேன். "இவனுக்குப் படிப்பு வராது என்று கைவிட்டுவிட்டீர்களா, சார்?" என்று அவர் கேட்டபோது குரல் கம்மிற்று. "இல்லை பாய். எனக்குத் தெரிந்த வழி இவனுக்கு உதவவில்லை. தெரிந்தவர்களிடம் நானே அழைத்துப் போகிறேன்" என்றேன். நிறுத்துவது வேறு, கைவிடுவது வேறு. அடுத்த வழியைக் காட்டாமல் நிறுத்தினால்தான் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சேலத்தில் பரிசோதித்தவர்கள் அதனை டிஸ்லெக்சியா என்றார்கள். அது சோம்பலுமன்று, அறிவுக் குறைவுமன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர் போன்ற சலுகைகள் உண்டு. கண், காது, கை மூன்றையும் ஈடுபடுத்தி, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகப் பிணைத்துக் கற்பிக்கும் முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரிடம் இப்போது அவன் படிக்கிறான். மெதுவாகத்தான் படிக்கிறான்.

மாலையில் இன்னும் என் திண்ணைக்கு வருவான், பாடத்துக்காக அன்று. நான் கதை படிப்பேன், அவன் கேட்பான். அண்மையில் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது எனக்குத் தெரியவில்லை, சார்" என்றான். அந்தப் பதினைந்து மாதங்களில் ஒருமுறைகூட அவன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.