வெள்ளிப் பொட்டு மீனும் எண்ணூர்க் கழியும்

வடசென்னை என்றதுமே மூக்கைப் பொத்திக் கொள்கிறவர்கள் உண்டு. காசிமேட்டு மீன் வாடை, மணலிப் பக்கத்துப் புகை, சாலையை அடைத்துக் கொண்டு நிற்கும் கன்டெய்னர் லாரிகள்... எல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு ஒரு குட்டி மீன் தேடி நானும் என் நாத்தனாரும் அந்தப் பக்கம் போனபோது, வேறொரு வடசென்னையும் கண்ணில் பட்டது.

தேடிப் போனது 'கில்லி' மீன். கொல்கிற மீன் என்று நினைத்து விடாதீர்கள். டச்சு மொழியில் 'கில்' என்றால் சிற்றோடையாம். நம் ஊர் இனம் சுண்டு விரல் நீளம்கூட இராது. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே அசையாமல் நிற்கும். உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு பளிச்சென்று மின்னும். குனிந்து பார்த்தால் அதுதான் முதலில் தெரியும். மலையாளத்தில் இந்த வகைக்கு 'மானத்துக்கண்ணி' என்று பெயர். வானத்தையே பார்க்கிற கண்! எத்தனை அழகான பெயர், பாருங்கள்.

1916-ல், சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி எழுதிய குறிப்புகளில், இவற்றுள் மிகச் சிறிய ஒன்றுக்கு 'பார்வஸ்' என்று பெயர் சூட்டினார் டாக்டர் பி. சுந்தரராஜ். பின்னாளில் சென்னை மாகாண மீன் துறைக்கே டைரக்டராக இருந்தவர். நம்ம ஊர்க்காரர் நம்ம ஊர் மீனுக்கு வைத்த பெயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

1856-ல் கட்டிய ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டி, கடலுக்குக் கல் கொட்டிய சாலை வழியே திருவொற்றியூர் போனோம். தியாகராஜ சுவாமியைக் கும்பிட்டுவிட்டு எண்ணூர். இங்கேதான் கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். கரையோரம் கோரை மண்டிய பள்ளத்தில் நாங்கள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஒரு அம்மாள் கேட்டாள்:

"இன்னாம்மா தேடுறீங்க?"

சொன்னோம். சிரித்து விட்டாள். "அது துன்றதுக்கு ஆவாதும்மா! கொசுப் புழுவத் துன்னும், அவ்ளோதான். முன்னெல்லாம் எந்தப் பள்ளத்துல பாத்தாலும் கெடக்கும்."

இப்போது ஏன் இல்லை? ஆற்றைப் பார்த்தாலே தெரிகிறது. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆறு மேடாகிக் கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு கலந்து முகத்துவாரம் வரை படர்ந்தது. "கையெல்லாம் தாரு மாதிரி ஒட்டிக்கினு, வலையைக் குப்பைலதான் போட்டோம்" என்றாள் அந்த அம்மாள். உப்புக் கலந்த தண்ணீரைக்கூடத் தாங்குகிற மீன் இது. எண்ணெயை எப்படித் தாங்கும்?

அவள் சொன்ன கொசுப் புழு விஷயம் சாதாரணமானதல்ல. கொசுவை ஒழிக்கும் இந்திய மீன்களைப் பற்றி 1912-லேயே கல்கத்தா அருங்காட்சியகம் ஒரு சிறு நூல் போட்டது. இந்த இனமும் அதில் உண்டு. பிறகு 1928-ல் அயல்நாட்டுக் 'கம்பூசியா' வந்தது. கிணறு கிணறாக விட்டார்கள். அது கொசுப் புழுவோடு நிறுத்திக் கொள்ளாமல், நம் சின்ன மீன்களின் குஞ்சையும் தின்று துடுப்பையும் கடிக்கிறது. கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் மலேரியாக் கொசு முட்டையிடுகிற ஊர் இது. நம் வீட்டு மீனே செய்கிற வேலைக்கு விருந்தாளி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் ஒரு சுத்தமான மழைநீர்க் குட்டையில் ஆறு மீன்கள் அகப்பட்டன. மூன்றை விட்டுவிட்டு, ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் எடுத்துக் கொண்டோம். ஆணுக்குத்தான் நிறம் அதிகம். (எந்த ஜாதியில்தான் இல்லை!)

இருபது, முப்பது லிட்டர் தொட்டி போதும். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். மூடி மிக அவசியம். இது துள்ளிக் குதிக்கிற மீன். அடியில் விழுந்த இரையைச் சீந்தாது, மேலே மிதப்பதைத்தான் கவ்வும். எறும்பு போட்டால் ஓடி வரும்.

முட்டையிடச் செடி வேண்டுமென்பதில்லை. சாயம் போகாத கம்பளி நூலைக் குஞ்சம் போல் கட்டி, ஒரு கார்க்கில் மிதக்க விடுங்கள். தினம் சில முட்டைகள் ஒட்டியிருக்கும், கண்ணாடி மணி மாதிரி. விரலால் எடுத்தாலும் உடையாது. அதே தண்ணீர் ஊற்றிய தட்டையான கிண்ணத்தில் போட்டு, வெள்ளை பூத்ததை மட்டும் அப்புறப்படுத்துங்கள். பத்துப் பதினைந்து நாளில் குஞ்சு பொரியும். முட்டைக்குள் இரண்டு கண் கறுப்பாகத் தெரிகிற நாளில் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பரீட்சைப் படிப்பையும் விட்டு ஓடி வருவார்கள். இந்தக் குடும்பத்து மீன் ஒன்று 1973-ல் ஸ்கைலாப் விண்கலத்திலேயே போய், அங்கே முட்டை பொரித்ததையும் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் குட்டை வற்றினாலும் மண்ணுக்குள் முட்டை உயிரோடிருந்து, மழை வந்ததும் பொரிகிற இனமும் உண்டு. நம்முடையது அப்படியல்ல, காய விட்டு விடாதீர்கள்.

கொளத்தூர் பக்கம் மொட்டை மாடியில் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் பலர். குஞ்சுக்கு ஆர்ட்டீமியா முட்டை அங்கே கடைகளில் கிடைக்கும். முதல் வாரம் பச்சைப் பாசித் தண்ணீரே போதும். குஞ்சுகள் தாயின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். அதற்கு முன் விட்டால், பெற்றவளே முதலில் விழுங்குவாள்.