பின்னணியில் உழைப்பவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நம் செட்டியார்பட்டியில் தறி ஓட்டும் என் மாணவர் ஒருவர், போன வாரம் மகளையும் ஒரு மடிக்கணினியையும் கூட்டிக்கொண்டு வந்தார். 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவர் தம்பிக்குக் கிடைத்தது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் செய்தது. இப்போது இதில் இருப்பது புது டெபியன். நினைவகம் 2 ஜிபிதான். வேகம் வேண்டுமென்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் பின்னணிச் சேவைகளில் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்திவிட்டார். வேகம் வந்தது, ஆனால் ஒரு இணையதளமும் திறக்கவில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இரண்டே நாள் பாக்கி. போனில் செய்யலாமே என்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு தறிக்குப் போய்விடும்.

பின்னணிச் சேவைக்கு யூனிக்ஸில் வழங்கும் பெயர் டீமன். 1963-இல் எம்.ஐ.டி.யில் வைத்தது. பிளஸ் டூவில் வெப்ப இயக்கவியல் நடத்தும்போது மேக்ஸ்வெல்லின் பூதம் என்று சொன்னேனே, மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்குமே, அதிலிருந்து எடுத்த பெயர்தான். திரையில் தெரியாது, வேலை மட்டும் நடக்கும். டெபியனில் 2015 முதல் இவற்றையெல்லாம் மேய்ப்பது சிஸ்டம்டி. நாம் அதோடு பேசும் கட்டளை சிஸ்டம்சிடிஎல்.

கணினியைத் திறந்ததும் நான் பார்த்தது தேதியைத்தான். இரண்டு வருடம் பின்னால் நின்றது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது, அதனால் அணைத்தால் நேரம் மறந்துபோகும். இத்தனை நாள் டைம்சிங்க்டி என்ற சேவை, இணையம் கிடைத்தவுடன் நேரத்தைக் கேட்டுச் சரிசெய்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர் மாதிரி. அவரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் கணக்கில் அந்தத் தொடக்கத் தேதியே இன்னும் வரவில்லை. உலாவி எப்படி நம்பும்?

"சிஸ்டம்சிடிஎல் எனேபிள்" கட்டளையோடு "நவ்" என்ற சொல்லையும் சேர்த்து அந்தச் சேவையை எழுப்பினோம். சில நொடியில் தேதி சரியானது, தளம் திறந்தது. "தாத்தா, இவ்வளவுதானா?" என்றது பிள்ளை. அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தது.

கடைக்காரர் செய்தது எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். புளூடூத் யாருக்கு வேண்டும் அந்த வீட்டில்? அச்சுச் சேவையும் தேவையில்லை. ஆனால் அது மட்டும் திரும்பத் திரும்ப எழுந்துகொண்டிருந்தது. "ஸ்டாப்" என்றால் இப்போதைக்கு நிற்கும், அவ்வளவுதான். "டிசேபிள்" என்றால் அடுத்த முறை கணினி தொடங்கும்போது தானாக வராது. அப்படியும் அச்சுச் சேவைக்கு சாக்கெட் என்று ஒரு வாசல் தனியாக இருக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் எழுந்துவிடும். வாசலையும் சேர்த்து "மாஸ்க்" செய்தபின்தான் தூங்கியது.

எதை நிறுத்துமுன்பும் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" போட்டு அது யார், என்ன செய்கிறது என்று படியுங்கள். "லிஸ்ட்-டிபெண்டன்சீஸ்" கட்டளையோடு "ரிவர்ஸ்" சேர்த்தால் அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்றும் காட்டும். டீபஸ், நெட்வொர்க்மேனேஜர், லாகின்ட் பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

பொத்தான் பேட்டரியை ராஜபாளையத்தில் வாங்கி மாற்றச் சொல்லியிருக்கிறேன். யார் வீட்டிலாவது இப்படி ஒரு கணினி பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன். பகலில் அனுப்பினால் நல்லது, ராத்திரி கண் சரியாகத் தெரிவதில்லை.