பாட்டு மட்டும் மிஞ்சிய மலை

மட்டக்களப்பில் விடியற்காலை புறப்பட்ட திருகோணமலை பஸ் வாகரை தாண்டியதும் பாதி காலியாகிவிட்டது. இந்த வழியில் ஒரு காலத்தில் வெருகல், கங்கை, இறால்குழி, கிண்ணியா என்று இறங்கி இறங்கிப் பாதை ஏற வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆற்றைக் கடக்கிற மிதவை. இப்போது எல்லா இடத்திலும் பாலம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. பஸ் ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறது. பாதைக்குக் காத்திருந்த வெறும் தேத்தண்ணிக் கடைகள்தான் பாவம்.

நான் கல்லடி உப்போடையில் வளர்ந்தவன். அங்கேதான் விபுலானந்த அடிகளின் சமாதி. சிறுவயதில் எங்களுக்கு அது கும்பிடுகிற இடமாக இருந்ததைவிட வெயிலுக்கு ஒதுங்குகிற இடமாகத்தான் இருந்தது. காரைதீவில் 1892இல் பிறந்தவர், கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர், ஆகவே முழுக்க எங்கள் ஆள் என்பது எங்கள் ஊர்க்காரரின் எண்ணம். திருகோணமலைக்கும் அவரில் பங்குண்டு என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் உறைத்தது.

1924இல் சந்நியாசம் பெற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பியவர் கைக்கு முதலில் வந்த பொறுப்புகளில் ஒன்று திருகோணமலை இந்துக் கல்லூரி. 1925இல் ராமகிருஷ்ண மிஷன் அதை ஏற்றது. 1928 வரை அடிகளே அதிபர். காவி கட்டிய அதிபர், அதிலும் லண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், இரசாயனம் படிப்பித்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பண்டிதர் பரீட்சை தேறியவர். இப்படி ஒருவர் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே கல்லூரி மதிலோரம் நடந்தேன். சனிக்கிழமை. கேற் பூட்டு. உள்ளே ஒரு மரத்தடியில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

அங்கிருந்து கோட்டைக்கு ஓட்டோ பிடித்தேன். வாசலைத் தாண்டியதும் மான்கள். திருகோணமலை மானுக்கு மனிதனிடம் கூச்சமே கிடையாது. ஒரு கொம்பன் நேரே வந்து என் கைப்பையை மோந்து, உள்ளே இருந்த வாழைப்பழத்தைக் கண்டுபிடித்து, தோலோடு தின்றுவிட்டுப் பையின் வாரையும் ஒருமுறை சப்பிப் பார்த்தது. ஈர மூக்கு, கண்ணோரத்தில் இரண்டு ஈ. பக்கத்தில் இன்னொன்று ஐஸ்கிறீம் கடதாசியை மென்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் மனம் கேட்கவில்லை.

மேலே கோணேசர் கோயில். மணி, அர்ச்சனைத் தட்டு, இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கிற கூட்டம். இந்தக் காட்சி எதையும் அடிகள் கண்டிருக்க முடியாது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்துக் கோட்டை கட்டினார்கள். அதன் பிறகு முந்நூறு ஆண்டுக்கு மேல் உச்சியில் கோயில் என்று சொல்லத்தக்க கட்டடம் இல்லை. பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துத்தான் பூசை. புதைந்துகிடந்த திருவுருவங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது அகப்பட்டன. இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல். அடிகள் அதிபராக இருந்த காலத்தில் இங்கே இருந்தவை பாறை, காற்று, கடல். பிறகு சம்பந்தர் பாடிய பதிகம். சந்தனத்தையும் அகிலையும் மணியையும் வாரிக்கொண்டு வந்து கரையில் முத்துக் கொழிக்கிற கடலை அந்தப் பதிகம் சொல்கிறது. அதன் பண் புறநீர்மை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பாட்டு இருக்கிறது, பாடப்பட்ட கோயில் இல்லை.

யாழும் அப்படித்தான். கருவி எப்போதோ தொலைந்துபோயிற்று, அதைச் சொன்ன செய்யுள்கள் மட்டும் மிஞ்சின. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி சொல்லும் 25 அடிகளைப் பிடித்துக்கொண்டு, நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டு, பதினான்கு ஆண்டு உழைத்து அடிகள் யாழைத் திரும்பக் கொண்டுவந்தார். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அவர் மறைந்தார். அந்த நூலில் தேவாரப் பண்களுக்கென்றே ஓர் இயல் உண்டு. கோயில் இல்லாத இந்த மலையில் நின்ற மூன்று ஆண்டுகள் அவருக்கு ஏதோ ஒரு விதை போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆதாரம் கேட்டால் கையில் இல்லை. இங்கே வந்து நின்றால் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர் காதால் உலகத்தைப் பிடித்தவர். மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் கேட்கும் இசையை ‘நீரரமகளிர்’ என்று பாட்டாக்கியவரும் அவர், அந்த ஓசையை ஏழு சுரத்தோடு வைத்து ஆராய்ந்தவரும் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது மாலை வேளைகளில் திருவேட்களத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1930களின் தொடக்கத்தில் ஒரு பேராசிரியர், அதுவும் துறவி, அங்கே போய் உட்கார்ந்தது சிதம்பரத்துக்கு எப்படி இருந்திருக்கும்! எனக்கு யாழைவிட இது பெரிதாகப் படுகிறது. ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தில் இது ஒரே வரி.

பின்னேரம் கரைக்கு இறங்கினேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா, எங்கட பக்கம் துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதில வச்சாப் பாட்டுக் கேக்கும். இங்க கேக்குமா?”

நிமிர்ந்து பார்த்தார். “மட்டக்களப்பா தம்பி? அது வாவி. இது கடல். இதுக்குப் பாட வராது, கத்தத்தான் தெரியும்.”

சொன்னாலும், வள்ளத்தில் கிடந்த துடுப்பை எடுத்து நீட்டினார். காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கி, துடுப்பை ஆழமாக விட்டுக் காதை வைத்தேன். முதலில் என் மூச்சுத்தான் கேட்டது. பிறகு, எங்கேயோ தூரத்தில், விட்டு விட்டு ஒரு துடிப்பு.

“என்ன கேக்குது?”

“எஞ்சின் போட் போல இருக்கு ஐயா.”

“தாங்க பாப்பம்.” வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து துடுப்பை வாங்கினார். காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“மருமகன்ட போட்,” என்றார்.